உளுத்ததா, ஊசியதா, மக்கியதா: ‘ராட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கதை

இரவு வைத்த சாம்பார் காலையில் ஊசிப்போகும். பால் திரிந்துபோகும். தக்காளி அழுகும். வண்டு விழுந்த பயறு உளுத்துப்போகும். நாள்பட்ட எண்ணெயில் சிக்கு வாடை அடிக்கும். ரொட்டியில் பூசணம் பூக்கும். வெயிலிலும் மழையிலும் கிடந்த கொடிக்கயிறு இற்றுப்போகும். கத்தரிக்காய் சொத்தையாக இருக்கும். பழைய ஏடு செல்லரிக்கும். சருகு மக்கும். எது கெட்டது என்று தமிழில் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. எப்படிக் கெட்டது என்று சொன்னாலே பொருள் பிடிபட்டுவிடும். ‘ஊசிவிட்டது’ என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தால் அது சமைத்த உணவுதான். கயிறாகவோ கதவாகவோ இருக்க முடியாது.

ஆங்கிலம் இவற்றில் பலவற்றை ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடும். ஆர், ஓ, டி என்ற மூன்றே எழுத்து: ‘ராட்’. தக்காளிக்கும் அதுதான், கயிற்றுக்கும் அதுதான், சருகுக்கும் கதவு நிலைக்கும் பல்லுக்கும் அதுதான். போதாததற்கு ஆட்டு நோய், தேர்தல் தொகுதி, கிரிக்கெட் ஆட்டம், உயர்ந்த விலை ஒயின், செயலிழந்த இணைய முகவரி என்று அந்தச் சொல் போகாத இடமில்லை. அகராதியைத் திறந்து ‘அழுகல்’ என்ற முதல் பொருளை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மொழிபெயர்ப்பு வேலையில் சேர்ந்த புதிதில், இங்கிலாந்தில் ஒரு பழைய வீட்டைப் பழுதுபார்த்த கதை கைக்கு வந்தது. அதில் ‘டிரை ராட்’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘உலர் அழுகல்’ என்று எழுதிக் கொடுத்தேன். திருத்துகிற மூத்தவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “காய்ந்தது எப்படித் தம்பி அழுகும்?”

நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடப் போனால் இங்கிலாந்தின் கடற்படைக்குள் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன், சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடுவோம்.

‘ராட்’ என்ற வினை பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொந்தச் சொல். ஆனால் அதன் பெயரடையான ‘ராட்டன்’ வந்தேறி. வடகடலைத் தாண்டி வந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் மொழியிலிருந்து அது ஒட்டிக்கொண்டது. ஆக, அழுகுவது ஆங்கிலேயன், அழுகிப்போனது வைக்கிங் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இதே பொருளில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: ‘டிகே’. இது லத்தீனில் ‘விழுதல்’ என்ற வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆங்கிலத்தில் பிரெஞ்சு வழி வந்த சொற்களுக்குச் சட்டை போட்ட மரியாதை உண்டு. பல் மருத்துவர் தன் குறிப்பில் ‘டிகே’ என்று எழுதுவார். மிட்டாய் தின்னும் பிள்ளையை அதட்டும் தாய் ‘ராட்’ என்பாள். யுரேனியம் சிதைவது எப்போதும் ‘டிகே’தான். அணு ‘ராட்’ ஆகிறது என்று எந்த இயற்பியலாளரும் எழுதுவதில்லை, ஏனென்றால் ‘ராட்’ என்றதும் மூக்கைப் பிடிக்கத் தோன்றும். அதில் ஈரமும் நாற்றமும் இருக்கின்றன.

பிறகு ‘டிரை ராட்’டில் உலர்வு எங்கிருந்து வந்தது?

அது ஒரு பூஞ்சையின் வேலை. அறிவியலில் அதன் பெயர் செர்புலா லாக்ரிமன்ஸ். ‘லாக்ரிமன்ஸ்’ என்றால் லத்தீனில் கண்ணீர் வடிக்கிற என்று பொருள். வளரும் பூஞ்சையின் மேல் துளித்துளியாக நீர் கோத்து நிற்பதால் வைத்த பெயர். தமிழில் அழுவதற்கும் அழுகுவதற்கும் ஓரெழுத்துதான் தூரம் என்பது அந்தப் பெயரை வைத்தவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இந்தப் பூஞ்சை மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸைத் தின்றுவிட்டு, நாரை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினை விட்டுவைக்கும். மிஞ்சும் மரம் பழுப்பேறி, சிறு சிறு கட்டங்களாக வெடித்து, விரலால் நெருடினால் பொடியாக உதிரும். தொட்டால் ஈரமே இருக்காது. பார்த்தவர்கள் ‘உலர்ந்த’ என்று பெயர் வைத்ததற்கு அதுதான் காரணம். ஆனால் பூஞ்சை முளைக்க மரத்தில் ஈரம் வேண்டும். முளைத்தபின் தடித்த நரம்புகளை நீட்டி, செங்கல் காரையைக்கூடத் தாண்டி, ஈரத்தைத் தானே சுமந்துகொண்டு அடுத்த மரத்துக்குப் போகும். சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கம் தெரியாது. கதவு நிலையில் பூசிய பெயிண்ட் பளபளப்பாக நிற்கும். பேனாக்கத்தியால் குத்தினால் கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும்.

நமக்கு இதற்கு நேரான சொல் இல்லாததில் வியப்பில்லை. குளிர்ச்சியை விரும்பும் பூஞ்சை இது. 25 டிகிரியைத் தாண்டினால் தடுமாறத் தொடங்கும். இமயமலைக் காடுகளில் இயற்கையாகவே வளர்கிறது, மதுரை வெயிலில் பிழைக்காது. நம் ஊரில் மரத்துக்கு எமன் கறையானும் உளு வண்டும். அதனால் நம்மிடம் இருக்கும் சொற்கள் ‘செல்லரித்தல்’, ‘உளுத்தல்’. அந்தப் பழைய வீட்டுக் கட்டுரையில் நான் ‘மரம் உளுத்துப்போயிருந்தது’ என்று எழுதியிருந்தால் பூச்சியா பூஞ்சையா என்ற நுணுக்கம் போயிருக்கும். ஆனால் வெளியே முழுசாக, உள்ளே பொடியாக என்ற காட்சி அப்படியே வந்திருக்கும். அறிவியல் கட்டுரை என்றால் ‘பூஞ்சையால் உளுத்தல்’ என்று இரண்டையும் சேர்த்துவிடலாம்.

இப்போது கப்பலுக்கு வருவோம். மரக்கப்பல் யுகத்தில் இங்கிலாந்தின் கடற்படையை எதிரியின் பீரங்கியைவிட அதிகம் மிரட்டியது இந்த உளுப்புதான் என்று சொல்லலாம். 17ஆம் நூற்றாண்டிலேயே, நாட்குறிப்பால் புகழ்பெற்ற கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ், கப்பல்களுக்குள் தன் கைமுட்டி அளவு பெரிய காளான்களைத் தானே பறித்ததாக எழுதிவைத்தார். 1782 ஆகஸ்டில் ஸ்பிட்ஹெட் என்ற இடத்தில், துறைமுகத்துக்கு அருகே அமைதியான கடலில், ‘ராயல் ஜார்ஜ்’ என்ற பெரும் போர்க்கப்பல் மூழ்கியது. பழுதுபார்ப்பதற்காகக் கப்பலை ஒருபக்கம் சாய்த்திருந்தார்கள், அப்படியே கவிழ்ந்தது. நூற்றுக்கணக்கான மாலுமிகளோடு, கப்பலைப் பார்க்க வந்திருந்த பெண்களும் குழந்தைகளும் மாண்டார்கள். விசாரித்த ராணுவ நீதிமன்றம், மரங்கள் பொதுவாகச் சிதைந்த நிலையில் இருந்ததைக் காரணமாகக் காட்டி மாலுமிகளை விடுவித்தது. சாய்த்ததில்தான் தவறு என்று வாதிட்டவர்களும் உண்டு.

இதைவிட வெட்கக்கேடு 1810இல் நடந்தது. அந்த ஆண்டு ‘குயின் சார்லட்’ என்ற புத்தம்புதிய போர்க்கப்பல் வெள்ளோட்டம் விடப்பட்டது. நெப்போலியனோடு போர் நடந்துகொண்டிருந்த அவசரத்தில், நன்றாகக் காயாத மரத்தை வைத்துக் கட்டினார்கள். கடலுக்குப் போய் ஒரு குண்டுகூடச் சுடுவதற்கு முன்பே கப்பல் உள்ளே உளுத்துவிட்டது. தாவர ஓவியரும் பூஞ்சைகளை ஆராய்ந்தவருமான ஜேம்ஸ் சவர்பியைக் கூப்பிட்டு உள்ளே முளைத்திருப்பவை என்னென்ன என்று பார்க்கச் சொல்லும் நிலை வந்தது. போர்க்கப்பலுக்குக் காளான் நிபுணர்!

ஓக் மரமும் பற்றாக்குறை, இருப்பதும் உளுக்கிறது என்றபோது அவர்கள் கண்ணில் பட்டது தேக்கு. எண்ணெய்ப் பசையுள்ள தேக்கைப் பூஞ்சை எளிதில் தொடாது. பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சிக் கப்பல் கட்டுநர்கள் தேக்கில் கட்டிய கப்பல்களைப் பிரிட்டிஷ் கடற்படை வாங்கத் தொடங்கியது. அவற்றில் ஒன்று 1817இல் வெள்ளோட்டம் விடப்பட்டது. திருகோணமலைக் கடலில் 1782இல் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரின் நினைவாக அதற்கு ‘டிரிங்கோமலி’ என்று பெயர். அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது. ‘குயின் சார்லட்’ ஏழு ஆண்டு மூத்தது. அதன் கதியைப் பார்த்தோம். தேக்கு என்ற மரத்தோடு அந்தப் பெயரும் போர்ச்சுக்கீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குள் போய் ‘டீக்’ ஆகியிருக்கிறது. ஆங்கிலத்துக்கு ‘ராட்’ நோயென்றால் அதற்கு மருந்தின் பெயர் நம் பக்கத்திலிருந்து போயிருக்கிறது என்பதில் எனக்கு ஓர் அற்பச் சந்தோஷம்.

கப்பலையும் வீட்டையும் இவ்வளவு நேரம் பேசியதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் ‘ராட்’ உருவகமாக வரும்போதெல்லாம் அடியில் கிடப்பது பெரும்பாலும் இந்த மரம்தான், தக்காளி இல்லை. தக்காளி அழுகினால் ஊருக்கே தெரியும். மரம் உளுத்தால் கூரை விழும்வரை தெரியாது. உள்ளே, யாரும் பார்க்காத இடத்தில், பராமரிக்க வேண்டியவன் பராமரிக்காததால், மெல்லப் பரவுகிற கேடு: இதுதான் அரசியலில், நிறுவனங்களில், நிர்வாகத்தில் ‘ராட்’ என்று அவர்கள் சொல்வது. டென்மார்க் நாட்டில் ஏதோ கெட்டுக் கிடக்கிறது என்று ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் வரும் வரியும் அதைச் சேர்ந்ததே. அந்த வரியை இளவரசன் ஹாம்லெட்டே பேசுவதாகப் பலர் எழுதுகிறார்கள். பேசுவது காவல்பணியில் இருக்கும் மார்செல்லஸ். அரண்மனை உளுத்திருப்பது முதலில் வாயிற்காவலனுக்குத்தான் தெரிகிறது.

அந்த வரியை நம் பத்திரிகைகள் ‘ஏதோ நாறுகிறது’ என்று தமிழாக்குவது உண்டு. பொருத்தம்தான். ஆனால் ‘நாறுதல்’ ஒரு காலத்தில் மணத்தலாக இருந்தது. கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துச் சொல்லத் தெரியாதவர்களை வள்ளுவர் ‘நாறா மலர்’ என்கிறார்; மணமில்லாத பூ. திருநெல்வேலிப் பக்கம் திருப்புடைமருதூர் சிவனுக்கு நாறும்பூநாதர் என்று பெயர். ஆங்கிலத்தில் ‘ஸ்டிங்க்’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான். பழைய ஆங்கிலத்தில் அது நறுமணத்தையும் குறித்தது. சொற்களும் ஊசிப்போகும் போலிருக்கிறது.

உருவகமான ‘ராட்’டுக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, வரலாற்றுப் பாடத்தில் மாணவர்கள் படிக்கும் ‘ராட்டன் பரோ’. ‘அழுகிய தொகுதிகள்’ என்று மொழிபெயர்ப்பதைப் பார்க்கிறோம். நான் ‘உளுத்த தொகுதிகள்’ என்பேன். ஒரு காலத்தில் ஊராக இருந்து, மக்கள் வெளியேறிக் காலியான பின்னும், நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் அனுப்பும் உரிமை மட்டும் மிச்சமிருந்த இடங்கள் அவை. பெயர் நிற்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. இதைவிட உளுத்தல் வேறு ஏது?

ஓல்டு சேரம் என்ற மேட்டைப் பாருங்கள். அங்கே கோட்டையும் பேராலயமும் இருந்தன. 13ஆம் நூற்றாண்டில் பேராலயத்தைக் கீழே சமவெளிக்கு மாற்றியதும் மக்களும் இறங்கிப் போய்விட்டார்கள். அப்படி உருவானதுதான் இன்றைய சால்ஸ்பரி நகரம். மேட்டில் புல் முளைத்தது. ஆனாலும் 1832 வரை அந்தப் புல்மேடு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. 1831இல் வாக்காளர்கள் 11 பேர்; ஒருவர்கூட அங்கே குடியிருக்கவில்லை. கிழக்குக் கரையில் டன்விச் என்ற தொகுதியின் பெரும்பகுதியைக் கடலே தின்றுவிட்டது. அதற்கும் இரண்டு உறுப்பினர்கள். மாஞ்செஸ்டர் போன்ற பெருந்தொழில் நகரத்துக்குத் தனியாக ஓர் இடம்கூட இல்லை.

இந்தக் கதையில் சென்னைக்கும் பங்கு இருக்கிறது. ஓல்டு சேரத்தின் நிலத்தை 1690களின் தொடக்கத்தில் விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். நிலத்தை வாங்கினால் தொகுதியும் பையில். இந்திய வணிகத்தில் பணம் சேர்த்த இவர்தான் 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். சென்னையில் இருந்தபோது வாங்கிய பெரிய வைரம் ஒன்றை 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்றார். பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இப்போது இருக்கும் ‘ரீஜென்ட்’ வைரம் அதுதான். பேரன் வில்லியம் பிட் 1735இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது தாத்தாவின் அந்தப் புல்மேட்டுத் தொகுதி வழியாக. அதே பிட் 1766இல், இந்தச் சிறு தொகுதிகள்தான் நம் அரசமைப்பின் ‘ராட்டன்’ பகுதி, இது ஒரு நூற்றாண்டுகூட நிற்காது, தானாக உதிராவிட்டால் வெட்டியெடுக்க வேண்டியிருக்கும் என்ற பொருள்பட அவையில் பேசினார். ஏறிவந்த ஏணியைப் பற்றிய விமர்சனம். ஏறிய பிறகு வந்தது. 66 ஆண்டுகளில் வெட்டியும் எடுத்தார்கள். 1832 சீர்திருத்தச் சட்டம் 56 தொகுதிகளை முற்றாக ஒழித்தது.

அதற்கு இடையில் ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் கடனும் இந்தத் தொகுதிகளுக்குள் பாய்ந்தது. நவாபுக்குச் சென்னையில் கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுத்த பால் பென்ஃபீல்டு, அந்தப் பணத்தோடு இங்கிலாந்து போய்த் தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை உருவாக்கினார் என்று 1785இல் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் அவையிலேயே குற்றம்சாட்டினார். கர்நாடகப் பகுதி உழவனின் வரி லண்டனில் வாக்காக மாறியிருக்கிறது.

அரசியலை விட்டு ஆட்டுமந்தைக்கு வந்தால், சொல் இன்னொரு வேலை செய்கிறது. அடைமொழி எதுவுமில்லாமல் ‘தி ராட்’ என்று ஆங்கிலேய இடையன் சொன்னால் அது ஈரல் புழு நோய். சதுப்பு நிலத்தில் மேய்ந்த ஆடுகளுக்கு, ஒருவகைச் சிறு நத்தையின் வழியாகத் தட்டைப்புழு ஈரலில் போய்க் குடியேறும். 1879–80 மழைக்காலத்தில் இங்கிலாந்தில் ஏறக்குறைய 30 லட்சம் ஆடுகள் இதில் போயின. ஒன்று விழுந்தால் மந்தையே விழும் என்ற அச்சம் அந்தச் சொல்லில் ஏறியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரிக்கெட் எழுதுகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். விக்கெட்டுகள் மளமளவென்று விழுந்தால் ‘ராட்’ தொடங்கிவிட்டது. ஒருவர் நின்று ஆடினால் ‘ராட்’டை நிறுத்திவிட்டார். 2020 டிசம்பரில் அடிலெய்டில் இந்தியா 36 ரன்னில் சுருண்ட ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: 15 என்ற எண்ணிக்கை மாறுவதற்குள் நான்கு விக்கெட். நம் விளையாட்டுப் பக்கங்கள் இதைச் ‘சரிவு’ என்கின்றன. நல்ல சொல்; நாற்றமில்லை, வேகம் இருக்கிறது. ‘அழுகலைத் தடுத்து நிறுத்தினார்’ என்று யாரும் எழுதாத அளவுக்கு நம் விளையாட்டு நிருபர்களுக்குக் காது இருந்திருக்கிறது.

‘அழுகல்’ சரியாக உட்காரும் இடம் வயல்தான். இங்கே ஆங்கிலமும் தமிழும் கைகோத்து நடக்கின்றன. நெல்லில் இலையுறை அழுகல், மஞ்சளில் கிழங்கழுகல், தென்னையில் குருத்தழுகல். கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவந்து, இடையிடையே வெள்ளைத் திட்டுகளோடு சாராய வாடை அடித்தால் அது செவ்வழுகல். கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் உருவாக்கிய ‘கோ’ ரகங்கள் நாடெங்கும் பரவின. அவற்றில் கோ 213 ரகத்தை 1930களின் இறுதியில் பிகாரிலும் அதையொட்டிய பகுதிகளிலும் செவ்வழுகல் துடைத்தெடுத்தது. ஒரே ரகத்தை மைல் கணக்கில் நட்டால் நோய்க்கு அது நெடுஞ்சாலை. இன்னொன்று: ஆங்கிலத்தில் அடித்தண்டழுகல் என்று சொல்லப்படும் தென்னை நோய்க்குத் தமிழ்நாட்டில் வழங்கிய பெயர் தஞ்சாவூர் வாடல். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைத் தோப்புகளில் பரவலாகத் தெரியவந்த நோய் அது. விஞ்ஞானி அடியைப் பார்த்து அழுகல் என்றார். தோப்புக்காரர் அண்ணாந்து பார்த்து வாடல் என்றார். இருவர் சொல்வதும் உண்மை.

அழுகலைக் கொண்டாடும் இடமும் ஒன்று உண்டு. பிரான்சில் போர்டோவுக்குத் தெற்கே சோட்டெர்ன் என்ற பகுதியில், இலையுதிர் காலத்துக் காலைகளில் சிரோன் என்ற சிற்றாற்றின் குளிர்ந்த நீர் கரோன் ஆற்றில் கலக்கும்போது மூடுபனி எழும்புகிறது. அந்த ஈரத்தில் பாட்ரிடிஸ் சினேரியா என்ற பூஞ்சை திராட்சையின் தோலைத் துளைக்கிறது. மதியம் வெயில் அடித்தால் துளை வழியாக நீர் ஆவியாகி, பழம் சுருங்கி, இனிப்பு இறுகும். பார்க்கச் சகிக்காத அந்தப் பழத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரே தோட்டத்துக்குப் பலமுறை போய்க் கையால் பறித்து, உலகின் விலை உயர்ந்த இனிப்பு ஒயின்களில் சிலவற்றைச் செய்கிறார்கள். இதற்குப் பெயர் ‘நோபிள் ராட்’, பிரெஞ்சிலிருந்து அப்படியே பெயர்த்தது. மதியமும் மழை பெய்தால் அதே பூஞ்சை, அதே தோட்டம், ஆனால் பழம் குப்பைக்கு; அப்போது அதன் பெயர் சாம்பல் அழுகல். புகழ்பெற்ற திகேம் தோட்டம் 2012இல் தன் பெயரில் ஒயினே வெளியிடவில்லை. ‘நோபிள் ராட்’டை ‘உன்னத அழுகல்’ என்று மொழிபெயர்த்தால் கேலிபோல் ஒலிக்கிறது. ஆனால் ஆங்கிலத்திலும் அது பாதி கேலிதான், அதனால் விட்டுவிடலாம். தோசை மாவு புளித்ததற்கும் கெட்டதற்கும் நடுவே உள்ள கோட்டை நம் வீட்டில் மூக்கு முடிவு செய்வதுபோல், அங்கே வானிலை முடிவு செய்கிறது.

இந்தச் சொல்லின் அண்மைக்கால அவதாரம் மூளையில். 2024இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக் குழுவினர் ஆண்டின் சொல்லாக ‘பிரெய்ன் ராட்’டைத் தேர்ந்தெடுத்தார்கள். உப்புச்சப்பற்ற காணொளித் துணுக்குகளை மணிக்கணக்காகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதால் அறிவு கெடுவதையும், அப்படிக் கெடுக்கும் சரக்கையும் அது குறிக்கிறது. புதுச்சொல் என்று இளைஞர்கள் நினைத்தாலும், பதிவான முதல் பயன்பாடு 1854இல், அமெரிக்கரான ஹென்றி டேவிட் தோரோவின் ‘வால்டன்’ நூலில் இருக்கிறது. உருளைக்கிழங்கு அழுகலைக் குணப்படுத்த இங்கிலாந்து பாடுபடுகிறதே, அதைவிடப் பரவலான மூளை அழுகலைக் குணப்படுத்த யாரும் முயல மாட்டார்களா என்று அவர் கேட்கிறார். 1845இல் தொடங்கி அயர்லாந்தில் ஏறக்குறைய 10 லட்சம் பேரைப் பலிகொண்ட பஞ்சம் அப்போது பத்தாண்டுகூடப் பழையதாகவில்லை. தோண்டியெடுத்த கிழங்கு சில நாளில் கறுத்துக் கூழாகும் காட்சி படித்தவர்கள் மனத்தில் இருந்தது. அந்தக் கூழ்தான் உவமை. இன்று ‘மூளை அழுகல்’ என்று சொல்லும்போது கிழங்கு யாருக்கும் நினைவு வருவதில்லை.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? ‘மூளை துருப்பிடித்துவிட்டது’ என்பது நாம் வழக்கமாகச் சொல்வது, ஆனால் அது பயன்படுத்தாததால் வரும் கேடு. ‘புத்தி மழுங்கியது’ என்றால் கத்தி. தேய்ந்து கூர் போனது. கண்டதைத் தின்று வயிறு கெடுவதுபோல் கண்டதைப் பார்த்து மூளை கெடுகிறது என்ற பொருள் இரண்டிலும் இல்லை. ‘மூளை ஊசிப்போனது’ எனக்குப் பிடித்திருக்கிறது. உணவின் சொல், வாடையும் இருக்கிறது. வழக்கில் நிற்குமா என்பது பேசுகிறவர்கள் கையில்.

கணினி உலகத்து ‘லிங்க் ராட்’டுக்கு மட்டும் தமிழ் தயாராகவே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு கட்டுரையில் கொடுத்த இணைய இணைப்பைச் சில ஆண்டு கழித்துச் சொடுக்கினால் பக்கமே இல்லை என்று வரும். 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பின் கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டிய இணைப்புகளில் ஏறக்குறைய பாதி, காட்டிய செய்தியைக் காட்டவில்லை என்று அதற்குப் பத்தாண்டு முன்பே ஹார்வர்டு சட்ட அறிஞர்கள் கண்டார்கள். இணைப்பு என்பது கயிறு. கயிறு அழுகாது, இற்றுப்போகும். ‘இற்ற இணைப்பு’ என்றால் விளக்கம் தேவையில்லை.

தமிழ் இணையத்துக்கு இதில் தனிச்சோகம் ஒன்று உண்டு. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறை பரவுவதற்கு முன், 1990களின் பிற்பகுதியில், எந்த எண் எந்த எழுத்து என்று கணினிக்குச் சொல்லும் குறியேற்றம் பாமினி, டிஸ்கி, தாம், தாப் என்று ஆளுக்கொன்றாக இருந்தது. அந்தப் பக்கங்களில் சில இன்னும் சேவையகத்தில் உயிரோடு இருக்கின்றன. திறந்தால் பொருளற்ற குறிகள் வரிசை கட்டி நிற்கும். பக்கம் இருக்கிறது, படிக்க முடியாது. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம்போல் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிக் காப்பாற்றியவர்கள் உண்டு. மாற்ற ஆளில்லாத தனிமனிதர் பக்கங்கள் அப்படியே போயின. அவற்றைச் செல்லரித்த ஏடு என்றே சொல்வேன். ஏட்டிலும் ஓலை இருக்கும், எழுத்துதான் இருக்காது.

இவை தவிர, சில்லறை வழக்குகள் ஏராளம். சிறையில் ‘ராட்’ ஆகிறான் என்று ஆங்கிலம் சொல்வதை நாம் ‘சிறையில் வாடுகிறான்’ என்கிறோம். வாடுகிறவன் மேல் இரக்கம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அவனைப் போட்டுவிட்டு மறந்தவர்கள் மேல் கோபமோ, ‘கிடந்து சாகட்டும்’ என்ற வன்மமோ இருக்கிறது. எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் சொல் போட வேண்டும். செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளையை அவர்கள் ‘ராட்டன்’ ஆகும்வரை கெடுத்தது என்பார்கள். நமக்கு அவன் குட்டிச்சுவராகப் போனவன். நம் பாட்டிகள் கண்ட அழிவு, கூரை போய் இடிந்து நிற்கும் மண்சுவர். உளறலுக்கும் ஆங்கிலத்தில் ‘ராட்’ என்று பெயர் உண்டு, போன தலைமுறைப் பிரிட்டிஷ் கனவான்களின் வாயில் அதிகம் புழங்கியது. மட்டமான சாராயம் ‘ராட்கட்’, குடலை அழுகவைப்பது. கூடையில் ஓர் ஆப்பிள் அழுகினால் எல்லாம் கெடும் என்பது பழமொழி. பழம் கனிந்து அழுகும்போது வெளிவிடும் எத்திலீன் வாயு அண்டைப் பழங்களையும் கனியவைத்துவிடும் என்பதால் அது அறிவியலும்கூட. வாழைத்தாரைப் புகைமூட்டம் போட்டுப் பழுக்கவைக்கிறவர்கள் பயன்படுத்துவதும் புகையில் உள்ள அதே வாயுவைத்தான். ஆனால் இப்போது காவல்துறை அத்துமீறல் வெளிவரும்போதெல்லாம் அதிகாரிகள் ‘சில கெட்ட ஆப்பிள்கள்தான்’ என்று சொல்லி, மற்றவை நன்றாக இருக்கின்றன என்று பொருள் கொள்ளவைக்கிறார்கள். பழமொழி சொன்னது நேர் எதிர். அந்தப் பழமொழியையே உளுக்கவைத்துவிட்டார்கள்.

கழிவு மேலாண்மை பேசுகிறவர்கள் மத்தியில் ‘ராட்’டுக்கு இப்போது நல்ல பெயர் கிடைத்திருக்கிறது. மறுத்தல், குறைத்தல், மறுபடி பயன்படுத்தல், மறுசுழற்சி ஆகிய நான்கும் ஆங்கிலத்தில் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும். ஐந்தாவது ‘ஆர்’ ஆக அவர்கள் சேர்த்துக்கொண்டது ‘ராட்’. காய்கறித் தோலை உரமாக்கு என்று பொருள். இங்கே ‘அழுகவிடு’ என்று மொழிபெயர்த்தால் அண்டை வீட்டார் சண்டைக்கு வருவார்கள். தமிழ்நாட்டுத் தெருவோரத் தொட்டிகள் எப்போதோ சரியான சொல்லை எழுதிவைத்துவிட்டன: பச்சையில் மக்கும் குப்பை, நீலத்தில் மக்காத குப்பை. கணக்கு வராத பையனை வாத்தியார் திட்டப் பயன்படுத்துவதும் இதே ‘மக்கு’ தான். தொட்டியில் மக்குவது உரமாகும், மக்காததுதான் தொல்லை.